பெயர் நறுக்கிய படங்கள்

இணையத்திலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்துத் தன் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டவனிடம் 'யாரைக் கேட்டு எடுத்தாய்?' என்று கேட்டுப் பாருங்கள். கோபப்பட மாட்டான். ஆச்சரியப்படுவான். ஏரியில் கால் நனைத்தவனிடம் ரசீது கேட்டதுபோல் நம்மைப் பார்ப்பான். இந்த ஆச்சரியத்தில் பாசாங்கு இல்லை என்பதுதான் விஷயத்தைச் சிக்கலாக்குகிறது. கவிதையைத் திருடுகிறவனுக்குத் திருடுகிறோம் என்று தெரியும். அதனால்தான் இரண்டு சொல்லை மாற்றிப்போட்டு, வரியை வேறிடத்தில் உடைத்து, தடயத்தை மறைக்கப் பார்க்கிறான். புகைப்படத்தை எடுக்கிறவனுக்கு அந்தக் கூச்சம்கூடத் தேவைப்படுவதில்லை. படத்துக்குப் பின்னால் ஒரு மனிதன் நின்றான் என்பதே நம்மிடையே இன்னும் ஒப்புக்கொள்ளப்படாத செய்தி. அருவி அங்கே இருந்தது, கேமரா பதிவுசெய்தது. இடையில் நின்றவன் ஒரு பொத்தானை அழுத்தியவன், அவ்வளவுதான்.

இதற்கு இணையத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கவிதைக்கும் நாவலுக்கும் தமிழில் விமர்சனம் என்று ஒன்றை, சண்டை சச்சரவுகளோடாவது, உண்டாக்கியிருக்கிறோம். சினிமாவுக்கும் கொஞ்சம் உண்டு. ஒரு புகைப்படத்தை முன்னால் வைத்துக்கொண்டு, இது ஏன் நல்ல படம், இந்த ஓரம் ஏன் இங்கே முடிகிறது என்று நான்கு பக்கம் எழுதியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பார்க்கப் பழகாத ஒன்றை எடுத்துக்கொள்வதில் குற்ற உணர்வு எங்கிருந்து வரும்?

ஸ்தூலமாக ஒரு படத்தைப் பற்றிப் பேசலாம். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. 1967ல் ஏற்பட்ட சிறிய உயிரியல் பூங்கா ஒன்று. காட்டுக்குள் நடந்து போனால் ஒரு அருவி. அருவி என்றதும் குற்றாலத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். மழை பெய்தால் சில வாரம் தண்ணீர், மற்றக் காலத்தில் பாறை. எனக்குப் பழக்கமான ஸ்டுடியோக்காரர் ஒருவர், வேலூரில் கடை வைத்துக்கொண்டு ஆம்பூர் வாணியம்பாடிவரை கல்யாணம் எடுக்கப் போகிறவர், சில வருஷங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதத்தில் அங்கே போய் எடுத்த படம் இது. சட்டகத்தின் முக்கால் பாகம் வெறும் பாறைதான். எத்தனையோ மழைக்காலங்கள் வழிந்து வழிந்து விட்டுப்போன கறுப்புத் தாரைகள் அதில் நெடுக்காக இறங்குகின்றன. தண்ணீர் வலது ஓரத்தில், மெலிசாக, மண் கலந்து செம்மையாக விழுகிறது. கீழ் ஓரத்தில், குட்டைக்கு முன்னால், குளிக்கப் போன யாரோ கழற்றி வைத்த ஒரு ஜோடிச் செருப்பு. செருப்புக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில், அவர் பெயர்.

இதை நல்ல படம் என்று நான் சொல்வது அருவிக்காக அல்ல. பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஒரு மாவட்டத்தில், தண்ணீர் என்பது வந்து போகும் விருந்தாளி என்பதை அந்த முக்கால் பங்குப் பாறை சொல்கிறது. செருப்பு அதற்கு அளவு தருகிறது. அது இல்லாவிட்டால் பாறை நூறு அடியா பத்து அடியா என்று தெரியாது. தோலும் ஷூவும் சோறு போடும் பிரதேசத்தில் அந்தச் செருப்பு வேறு சிலவற்றையும் சொல்லக்கூடும். அதை அவர் உத்தேசித்தாரா என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் தேவையில்லை.

தன் பக்கத்தில் அவர் இதைப் போட்ட ஒரு வருஷத்துக்குள் நான் இதை மூன்று இடத்தில் பார்த்தேன். கணியம்பாடிப் பக்கம் வீட்டு மனை விற்கும் ஃபிளெக்ஸ் பலகை ஒன்றில். ஏலகிரிக்குச் சுற்றுலா அழைக்கும் அறிவிப்பு ஒன்றில், ஏலகிரி அருவியாக. பிறகு வாட்ஸப்பில், ஒரு திருக்குறளோடு காலை வணக்கம் சொல்லிக்கொண்டு. மூன்றிலும் கீழ் ஓரம் நறுக்கப்பட்டிருந்தது. பெயர் இருந்தது அங்கேதானே! பெயரோடு செருப்பும் போயிற்று. பாறைக்குப் பச்சை ஏற்றியிருந்தார்கள். செம்மண் தண்ணீர் பாலாக வெளுத்துப்போயிருந்தது. அந்த மனிதர் என்னிடம் சொன்னது: "படத்தை எடுத்துக்கிட்டது போகட்டும் சார். செருப்பை எடுத்துட்டாங்க பாருங்க, அப்புறம் அது என் படமே இல்ல."

நஷ்டம் எங்கே ஏற்பட்டது என்பதை இதைவிடத் துல்லியமாக எந்த வக்கீலும் சொல்லியிருக்க முடியாது. திருடியவன் செய்தது முதலில் ஒரு வாசிப்பு. படுமோசமான வாசிப்பு. படத்தில் படமாக இருந்ததை எல்லாம் இடைஞ்சல் என்று கண்டுபிடித்து நீக்கிவிட்டு, எந்தக் காலண்டரிலும் இருக்கும் ஒரு அருவியை அவன் மீட்டெடுத்திருக்கிறான். தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் ஊறி மயிர் நீங்கி வந்த தோலைப் பார்த்து அது எந்த ஊர் மாடு, என்ன நிறம் என்று யாரும் சொல்ல முடியாது; அதற்குப் பிறகுதான் அது சரக்கு.

சட்டம் இங்கே என்ன செய்கிறது என்று பார்த்தேன். பார்த்ததில் ஒரு வேடிக்கை கிடைத்தது. 1957ஆம் வருஷத்திய இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், புகைப்படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர் என்கிறது. ஆனால் 17ஆவது பிரிவில் ஒரு விலக்கு: ஒருவர் கேட்டுக்கொண்டு, பணமும் கொடுத்து எடுக்கப்பட்ட படமானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் பணம் கொடுத்தவர்தான் அதன் முதல் உரிமையாளர். இதை நம் ஸ்டுடியோக்காரரின் வாழ்க்கையில் பொருத்திப் பாருங்கள். இத்தனை வருஷமாக அவர் எடுத்த கல்யாணங்கள், காதுகுத்துகள், மஞ்சள் நீராட்டுகள் எல்லாம் அந்தந்த வீட்டாருக்குச் சொந்தம். ஏற்றுமதிக்குப் போகும் ஷூக்களை வெள்ளைத் துணியில் வைத்து எடுத்த படங்கள் கம்பெனிக்குச் சொந்தம். தன் பெட்ரோலைப் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அமிர்திக்குப் போய், யாரும் கேட்காமல், யாரும் காசு தராமல் எடுத்த படம் ஒன்றுதான் சட்டப்படி முழுக்க அவருடையது. 2012 திருத்தத்துக்குப் பிறகு ஆயுள் முழுதும், அதற்கு மேல் அறுபது வருஷமும் அவருடையது. இணையம் எடுத்துக்கொண்டது அதைத்தான். கல்யாண ஆல்பத்தைத் தேடிப்போய் யாரும் திருடுவதில்லை.

வழக்குப் போட வழி இல்லாமல் இல்லை. உரிமையைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் கிடையாது. 62ஆவது பிரிவின்படி தான் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம், சென்னைக்கோ பெங்களூருக்கோ ஓட வேண்டாம். படத்தைத் தாங்கி நிற்கும் இணைய நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தால் அது 21 நாள் அதை நிறுத்திவைக்க வேண்டும். அதற்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். எல்லாம் இருக்கிறது. வாய்தாவுக்கு இரண்டு முகூர்த்த நாளைப் பலிகொடுக்கத் தயாராக இருக்கும் புகைப்படக்காரன்தான் இல்லை.

'இணையத்தில் நீயே போட்டாய், பிறகு என்ன புலம்பல்?' என்பது பொதுவாக வரும் பதில். இந்தப் பதில் நீதிமன்றத்தில் தோற்றிருக்கிறது. 2010 ஜனவரி 12 அன்று ஹெய்த்தியில் பூகம்பம் வந்தபோது அங்கேயே பிறந்த டேனியல் மோரெல் என்ற புகைப்படக்காரர் இடிபாடுகளுக்கு நடுவே எடுத்த படங்களை ட்விட்டரோடு இணைந்த ஒரு தளத்தில் ஏற்றினார். அடுத்த நாட்டிலிருந்த ஒருவர் அவற்றைப் பிரதிசெய்து தன்னுடையவை என்று போட்டுக்கொள்ள, ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனம் அவற்றை எடுத்தது, கெட்டி நிறுவனம் உலகம் முழுதும் விநியோகித்தது. முதலில் வந்தது திருடியவர் பெயரில். மோரெல் ஆட்சேபித்ததும் ஏ.எஃப்.பி. என்ன செய்தது தெரியுமா? தான் தவறு செய்யவில்லை என்று அறிவிக்கக் கோரி மோரெல்மீதே வழக்குப் போட்டது. 2013 நவம்பரில் நியூயார்க் ஜூரி அவருக்கு 12 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. பெரிய தொகைதான். ஆனால் எனக்கு இந்த வழக்கில் பெரிதாகப் படுவது அந்த முதல் சில மணி நேரம். தன் ஊர் புதைந்து கிடக்கும்போது ஒருவன் நின்று பார்த்தது, எல்லைக்கு அப்பால் உட்கார்ந்திருந்த இன்னொருவன் பார்த்ததாக உலகத்துக்குப் போய்விட்டது. இதை டாலரில் எப்படி எண்ணுவது?

இன்னொரு வழக்கு இதற்கு நேர் எதிர். அற்பமானது, அதனாலேயே சங்கடப்படுத்துவது. ஜெர்மனியில் ஒரு பள்ளி மாணவி, வகுப்புக் கட்டுரைக்காக ஸ்பெயினின் கோர்டோபா நகரப் படம் ஒன்றைச் சுற்றுலாத் தளத்திலிருந்து இறக்கிக்கொண்டாள். எந்தத் தளம் என்று கீழே குறிப்பிட்டும் இருந்தாள். பள்ளிக்கூடம் அந்தக் கட்டுரையைத் தன் இணையப் பக்கத்தில் போட்டது. டிர்க் ரென்க்ஹாஃப் என்ற புகைப்படக்காரர் வழக்குத் தொடர்ந்தார். 2018 ஆகஸ்டில் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்தது: ஒரு தளத்தில் அனுமதியோடு இருக்கிறது என்பதால் இன்னொரு தளத்துக்கு அனுமதி வந்துவிடாது. சட்டமாக இது சரியாக இருக்கலாம். ஒரு பள்ளிப் பெண்ணின் கட்டுரைக்கு எதிராகக் கண்டம் முழுமைக்குமான நீதிமன்றம் என்பது எனக்கு உவப்பாக இல்லை. அவள் குறிப்பிட்டது சுற்றுலாத் தளத்தின் பெயரை; படம் எடுத்தவனின் பெயரை அல்ல. தவறு அங்கே இருக்கிறது, அந்தத் தவறும் அவளுக்குப் பெரியவர்கள் கற்றுக்கொடுத்தது.

நம்முடைய கலாச்சாரக் காவலர்களிடம் இன்னொரு வாதம் உண்டு. மேற்கத்தியனுக்குத்தான் 'நான் எழுதினேன், நான் எடுத்தேன்' என்ற அகந்தை. நம் மரபில் சிற்பி பெயர் பொறித்துக்கொள்ளவில்லை, கலை பொதுச்சொத்து. கேட்க கம்பீரமாக இருக்கும் இந்தப் பொய்யைத் தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டுகளே மறுக்கின்றன. கட்டியவன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்று அங்கே எழுதியிருக்கிறது. நானூறு தளிச்சேரிப் பெண்களை, எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதுவரை, பெயர் சொல்லி வெட்டிவைத்திருக்கிறது. பெயர் வேண்டாம் என்றா இதற்கு அர்த்தம்? இன்னும் பழையதற்குப் போனால், குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்குச் சில பாடல்களின் ஆசிரியர் பெயர் கிடைக்கவில்லை. வெற்றிடமாக விட்டிருக்கலாம். விடவில்லை. பாட்டிலிருந்தே ஒரு தொடரை எடுத்து அதையே பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயனீரார் என்பது அப்படி வந்த பெயர். பெயர் தொலைந்துபோனவனுக்கு அவனுடைய சொல்லையே பெயராகத் திருப்பித் தந்த இந்தக் காரியத்தை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. நம் காலத்துத் தொகுப்பாளன் செய்வது இதற்குத் தலைகீழ். பெயர் படத்திலேயே எழுதியிருக்கிறது; கத்தரியால் நறுக்குகிறான்.

சிறுபத்திரிகைச் சூழலுக்கு இதில் தனிப் புனிதம் எதுவும் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2021 மே மாதம் கி. ராஜநாராயணன் மறைந்த அன்று என் திரை முழுக்க அவர் முகமாக வந்துகொண்டே இருந்தது. வெற்றிலைக் கறையும் குறும்புமாக அந்த முகத்தைப் பிடித்துத் தந்தவர்களில் முக்கியமானவர் புதுவை இளவேனில். சுந்தர ராமசாமி என்றதும் நம் மனசில் எழும் முகங்களிலும் சில அவர் கேமரா வழியாக வந்தவைதாம். கண்ணீர் அஞ்சலி எழுதிய எழுத்தாளர்களில், ஒரு சொல்லை யாராவது எடுத்தாண்டால் மூன்று நாள் சர்ச்சை செய்யக்கூடியவர்களில், எத்தனை பேர் படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயரைப் போட்டார்கள்? இன்னும் பின்னால் போனால் பாரதி. ரா.அ. பத்மநாபன் தேடிச் சேர்த்து 1957ல் 'சித்திர பாரதி'யாகத் தராமல் போயிருந்தால் அந்த ஒரு சில படங்கள்கூட நம் கைக்கு ஒழுங்காக வந்திருக்காது. முண்டாசும் மீசையுமாக ஒவ்வொரு பள்ளிக்கூடச் சுவரிலும் இருக்கிற அந்த முகத்தை, அது உயிரோடு இருந்தபோது, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தவன் யார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் சொல்வோம்?

காசைப் பற்றி நான் பேசவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். சிறுபத்திரிகையிடம் காசு கேட்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. ஆனால் காசும் பெயரும் வேறு வேறு என்பது நம் சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. 57ஆவது பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் ஆசிரியனிடம் இரண்டு மிஞ்சும் என்கிறது: இது என்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, தன் மதிப்புக்குக் கேடாக அதைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமை. இதை உயிருள்ளதாக ஆக்கியவர் சிற்பி அமர்நாத் சேகல். தில்லி விஞ்ஞான் பவனுக்காக அவர் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979ல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டார்கள். அரசாங்கம் பணம் கொடுத்து வாங்கியது, அரசாங்கம் கழற்றியது, இதில் சிற்பிக்கு என்ன என்பதுதான் வாதம். 2005ல் தில்லி உயர்நீதிமன்றம் இந்த வாதத்தை நிராகரித்து, மிச்சம் மீதியைச் சிற்பியிடமே ஒப்படைக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு தரவும் உத்தரவிட்டது. செருப்பு போனதும் 'அது என் படமே இல்ல' என்று ஸ்டுடியோக்காரர் சொன்னது இந்தத் தளத்தைச் சேர்ந்த பேச்சு. பதிப்புரிமை என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை.

இப்போது யந்திரமும் வந்திருக்கிறது. 2022ல் வெளியான லயன்-5பி என்ற தொகுப்பில் இணையத்திலிருந்து திரட்டிய 585 கோடிப் படங்களின் முகவரிகள் அவற்றின் வாசகங்களோடு இருக்கின்றன. படம் வரையும் யந்திரங்களுக்கு இது பாடப் புத்தகம். ராபர்ட் க்னெஷ்கே என்ற ஜெர்மானியப் புகைப்படக்காரர் தன் படத்தைச் சேர்த்ததற்காக வழக்குப் போட்டார். விஞ்ஞான ஆராய்ச்சிக்குச் சட்டம் தரும் விலக்கு பொருந்தும் என்று 2024 செப்டம்பரில் ஹாம்பர்க் நீதிமன்றம் தள்ளிவிட்டது. இந்த யந்திரத்திடம் அருவி கேட்டால் அருவி கொடுக்கும், செருப்பு இல்லாத அருவி. கணியம்பாடி ஃபிளெக்ஸ்காரன் கையால் கஷ்டப்பட்டுச் செய்ததை அது நொடியில் செய்துவிடுகிறது. இதற்குமேல் இதைப் பற்றி இங்கே சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

இதுவரை சொன்னதை வைத்துப் புகைப்படக்காரன் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போட்டுவிட வேண்டாம். எடுக்கிறவன் என்றே அவனைச் சொல்கிறோம், அவனும் எடுத்தவன்தான். வில்லபி வாலஸ் ஹூப்பர் என்று சென்னை ராணுவத்தில் ஒரு குதிரைப்படை அதிகாரி இருந்தான். 1876லிருந்து 1878வரை சென்னை மாகாணத்தை அழித்த பஞ்சத்தில், நம் வட ஆற்காடு மாவட்டமும் சிக்கியிருந்த அந்தப் பஞ்சத்தில், எலும்புக்கூடாகிவிட்ட மனிதர்களைக் குடும்பம் குடும்பமாக வரிசையில் உட்காரவைத்தும் நிற்கவைத்தும் அவன் எடுத்த படங்கள் இன்று உலகப் பிரசித்தம். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார்கள். நிமிர்ந்து பார்க்கச் சொன்னதும் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்கு வரவில்லை. ஹூப்பர் பெயர் வந்திருக்கிறது. இதே ஹூப்பர் 1886ல் மாந்தலேயில் பர்மியக் கைதிகளைச் சுடும் தருணத்தைப் படம்பிடித்து, அதற்காகவே சுடுவதைத் தாமதப்படுத்தினான் என்று குற்றம் சாட்டப்பட்டு விசாரணைக்கும் கண்டனத்துக்கும் ஆளானவன். அவன் பெயர் பஞ்சப் படங்களில் ஒட்டியிருக்க வேண்டும் என்று நான் நினைப்பது அவனைக் கௌரவிக்க அல்ல. யார் நின்று இப்படிப் பார்த்தது என்று தெரிந்தால்தான் அந்த வரிசை, அந்த ஒழுங்கு, நமக்கு அர்த்தமாகிறது. பார்த்தவன் பெயரை எடுத்துவிட்டால் எதிரே இருப்பது வெறும் பசி, எங்கேயும் எப்போதும் நடந்த பசி.

அப்படித்தான் ஆகியும்விட்டது. ஹூப்பரின் படங்களுக்குப் பதிப்புரிமை எப்போதோ காலாவதி. யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, சட்டம் நிம்மதியாகத் தூங்கலாம். இணையத்தில் அந்தப் படங்கள் 1943 வங்காளப் பஞ்சம் என்ற தலைப்போடு சுற்றிக்கொண்டிருப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் யாரோ ஒருவர் மிகுந்த தார்மீகக் கோபத்தோடு சர்ச்சிலைத் திட்டி அவற்றைப் பகிர்கிறார். கோபம் நியாயமானது, படம் பொய். இதில் இரண்டு கூட்டம் ஒரே சமயத்தில் காணாமல் போகிறது. சென்னை மாகாணத்தில் செத்தவர்கள் வங்காளிகளாக்கப்படுகிறார்கள். வங்காளத்துக்கு நிஜமாகவே போய், செத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே நின்று கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகைக்காகப் படம் எடுத்த சுனில் ஜானா தேவையற்றவராகிறார். அவர் இடத்தில், 65 வருஷம் முன்னால் வேறு மண்ணில் நின்ற குதிரைப்படைக்காரன் உட்கார்ந்துவிட்டான்.

பெயர் இல்லாதவர்கள் பட்டியல் இன்றும் நீள்கிறது. 2006ல் ஒரு அமெரிக்க ஸ்தாபனம் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களில் ராணிப்பேட்டையைச் சேர்த்தது. 2015 ஜனவரி 31 அன்று அங்கே சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் இறந்தார்கள். அறிக்கைகளுக்கும் கருத்தரங்கு விளம்பரங்களுக்கும் அட்டையாகத் தோல் ஷாப்புத் தொழிலாளியின் படம் ஒன்று, முழங்கால்வரை நனைந்து, தேவைப்படுகிறது. அக்கறையுள்ள இடமானால் ஓரத்தில் புகைப்படக்காரர் பெயர் இருக்கும். நிற்கிறவனுக்குப் பெயர் இருந்து நான் பார்த்ததில்லை. புகைப்படக்காரனின் அனுமதி இல்லாமல் என்று நாம் கொதிக்கிற வாக்கியத்துக்குள் இன்னொரு அனுமதி, கேட்கவேபடாத அனுமதி, கிடக்கிறது. ஒரு வித்தியாசம் உண்டு. எடுத்தவன் பெயர் படத்தோடு இருந்தால், நின்றவன் யார் என்று போய்க் கேட்க ஒரு வாசலாவது மிஞ்சும்.

பழைய ஸ்டுடியோப் படங்களுக்குப் பின்புறம் என்று ஒன்று இருந்தது. ரப்பர் முத்திரையில் ஸ்டுடியோ பெயர், ஊர், பென்சிலில் தேதி, மாமா எழுதிய யார் யார் என்ற குறிப்பு. இன்றைய கேமராவும் படத்துக்குள்ளேயே இதை எழுதிவைக்கத்தான் செய்கிறது: எந்தக் கேமரா, எந்த நாள், எத்தனை மணி. வாட்ஸப் வழியாக ஒரு படம் கை மாறும்போது அதில் பெரும்பகுதி உரிந்து போய்விடுகிறது. இப்படி முதுகு இல்லாமல் அலைகிற படங்களோடுதான் நாம் இப்போது வாழ்கிறோம்.

2013 பிப்ரவரியில் வெளியான இரண்டு படங்கள் இவ்வளவு நேரம் நான் பேசிய உரிமை, அனுமதி எல்லாவற்றையும் கேலிக்கூத்தாக்கிவிடுகின்றன. பிரபாகரனின் இளைய மகன் பாலச்சந்திரன், 12 வயது, மணல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஏதோ தின்றுகொண்டிருக்கிறான். மற்றதில் மார்பில் குண்டுக் காயங்களோடு தரையில் கிடக்கிறான். இரண்டும் 2009 மே மாதம் சில மணி நேர இடைவெளியில், ஒரே கேமராவில் எடுக்கப்பட்டவை என்று, சேனல் 4 ஆவணப்படத்தை எடுத்த காலம் மக்ரே எழுதினார். இலங்கை ராணுவம் மறுத்தது. அடுத்த மாதம் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள், மாநிலம் முழுதும் கல்லூரிகள் மூடின. எடுத்தவரே ஆசிரியர் என்று சட்டம் சொல்கிறதே, மக்ரே சொல்வது உண்மையானால் இந்தப் படத்தின் ஆசிரியன் யார்? பயன்படுத்த அனுமதி எந்த முகாமில் போய்க் கேட்க வேண்டும்? யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்கவும் கூடாது. இங்கே எடுத்தவன் பெயர் தெரிய வேண்டியது பாராட்டுக்காக அல்ல, விசாரணைக்காக. அந்த ஒரே கேமரா என்ற செய்தியும், இடைப்பட்ட மணிகளும் இல்லாவிட்டால் இவை இறந்த ஒரு பையனின் படங்கள் மட்டுமே.

அந்த மார்ச் மாதம் எங்கள் ஊர்களிலும் முதல் படம் ஃபிளெக்ஸ் பலகைகளில் ஏறியது. ஒன்றின் முன்னால் நான் கொஞ்ச நேரம் நின்றேன். பலகையில் இடம் போதவில்லையோ என்னவோ, முகத்தை மட்டும் வட்டமாக வெட்டி எடுத்து, சுற்றிலும் மஞ்சளும் சிவப்பும் பூசி, கீழே வட்டச் செயலாளர்களின் பெயர்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். மணல் மூட்டைகள் இல்லை. பையன் உயிரோடு யாரோ ஒருவர் காவலில் இருந்தான் என்பதற்குப் படத்தில் இருந்த தடயம் அவைதாம்.